கண் மட்டும் உண்மை

பீளமேடு, கோவை
28.10.2025

அன்புள்ள மெர்சி,

காகிதத்தில் எழுதி எத்தனை வருடம் ஆயிற்று என்று தெரியவில்லை. என் கையெழுத்து எனக்கே பிடிபடவில்லை. சிரிக்காதே. போனில் எழுதப் பயமாக இருக்கிறது, அதனால்தான் இது. நீயும் போனில் பதில் போட்டுவிடாதே. தபாலிலேயே எழுது.

நேற்று மத்தியானம் லாஸ்யாவைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அத்தை என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா ஹாரிகா, இங்க வந்து இதப் பாரு. சத்தியமங்கலம் காட்டுல என்னமோ இருக்குதாமா" என்று போனை நீட்டினார். உடுமலையில் இருக்கிற அவருடைய தங்கை அனுப்பியது. பார்த்தேன். நான் செய்த படம்.

உன் ஏழாம் வகுப்புக்காக நீ கேட்டாய், செய்தேன். நான்கு உண்மையான விசித்திர மிருகங்கள், நடுவில் ஒரு பொய் மிருகம், எது பொய் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும் என்றாய். இன்டர்நெட்டில் வருவதையெல்லாம் நம்புகிறார்கள், இந்த வயசிலேயே பார்க்கக் கற்றுக்கொடுக்கணும் என்றாய். நல்ல பாடம் என்று நானும் சொன்னேன். குழந்தை பிறந்து வேலையை விட்ட பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு படம் செய்ய ஆசையாகவும் இருந்தது. தேவாங்கின் உடம்பு, அழுங்கின் செதில் வால், உட்கார ஈரமான புளியங்கிளை. விசித்திரமாக இருக்கட்டும் என்று தலையில் முடியை எடுத்துவிட்டேன். கண்தான் அமையவில்லை. ஆந்தைக் கண் வைத்தேன், பூனைக் கண் வைத்தேன், பொம்மை மாதிரியே இருந்தது. பக்கத்தில் லாஸ்யா தூங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவள் போட்டோவிலிருந்து கண்ணை எடுத்து வைத்தேன். வைத்ததும் அது உயிரோடு உட்கார்ந்துவிட்டது. பொய் எப்படிச் செய்கிறோம் என்று பிறகு காட்டலாமே என்று அந்தப் போட்டோவையும் உனக்கு அனுப்பினேன்.

அவள் கண் உனக்குத் தெரியும். வெளிறிய நீலம், நடுவில் ஒரு பொட்டுக் கருப்பு. வியாதி இல்லை, சில பிள்ளைகள் அப்படிப் பிறப்பார்கள், ஆனால் அந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சில சமயம் காதும் கேட்காது, சோதித்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தச் சோதனை அடுத்த மாதம்.

படத்தின் கீழே எழுதியிருந்தது: "குழந்தை மாதிரி அழும். கதவைத் திறக்காதீர்கள். பத்துப் பேருக்கு அனுப்பவும்." அத்தை, "அப்பா, என்ன கண்ணு இது, பாக்கவே முடியல" என்று போனைக் கவிழ்த்து வைத்தார். அவர் மடியிலிருந்து அதே கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியவில்லை மெர்சி. பெற்ற மகன் கிஷனின் பிள்ளை, தினமும் பார்க்கிற கண், தெரியவில்லை.

கார்த்திகை மாதம் லாஸ்யாவுக்கு ஒன்றரை வயசு ஆகிறது, மொட்டை அடித்துக் காது குத்துகிறோம். எங்கள் குலதெய்வம் கோயில் உன் ஊருக்குப் பக்கத்தில்தான். மொட்டைத் தலையும் இந்தக் கண்ணுமாக அவளை அந்தக் கூட்டத்தில் நினைத்துப் பார். என்னால் முடியவில்லை.

உன் வகுப்பறையைத் தாண்டாது என்று சொன்னாய். எப்படித் தாண்டியது? கார்த்திகைக்குள் அதை நிறுத்து.

ஹாரிகா


மொட்டைக்கரடு
3.11.2025

ஹாரிகா,

கோபமாக இருக்கிறாய், இரு. நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

படங்களை வகுப்பில் காட்டியதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் பெற்றோர் குரூப்பிலும் போட்டேன். "வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்து, எது பொய் என்று நாளை எழுதி வரவும்." அப்பா அம்மாவும் கற்றுக்கொள்ளட்டும் என்று பெரிய யோசனை எனக்கு. விடையை மறுநாள் சொல்வதாக இருந்தேன். அன்று ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. காலையில் கலெக்டர் விடுமுறை விட்டுவிட்டார். அடுத்து சனி, ஞாயிறு. விடை என் பையில் இருந்தது, படம் ஊர் ஊராகப் போய்விட்டது. நான் போட்ட ஐந்து படத்தில் உன்னுடையதை மட்டும் யாரோ தனியாக எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கீழே இருந்த என் கேள்வி போய்விட்டது. அழுகிறது, கதவு, பத்துப் பேர் எல்லாம் வழியில் சேர்ந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் கேட்டேன். வாத்து மூக்கு வைத்த பிளாட்டிபஸைப் பார்த்து, "இது பொய்யுங்க டீச்சர், மூக்கப் பசை போட்டு ஒட்டிப்போட்டாங்க" என்றான் தமிழ்ச்செல்வன். ஊதாத் தவளையைப் பார்த்து, "கத்திரிக்காயுங்க" என்றார்கள். அது நம் மலைத்தொடரிலேயே இருக்கிற தவளை. உன் மிருகத்தை எல்லோரும் உண்மை என்று எழுதியிருந்தார்கள், இஃப்ராவைத் தவிர. வகுப்பில் பின்னால் உட்கார்ந்து ஒன்றும் பேசாத பெண். ஏன் பொய் என்கிறாய் என்று கேட்டேன்.

"மிருகம் கேமராவப் பாக்கும்ங்க. இது நம்மளப் பாக்குது" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரியென்று சொல்லி, இதை என் தோழி செய்தாள், கம்ப்யூட்டரில் செய்தாள் என்று விளக்கினேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். முகத்தில் ஒரு இரக்கம் தெரிந்தது. "நாங்க பயந்துக்குவோம்னு சொல்றீங்க, தெரியுதுங்க டீச்சர்" என்றான் தமிழ்ச்செல்வன்.

சத்துணவு சமைக்கிற ராமாத்தாள் அக்கா அதைப் பார்த்துவிட்டாராம். கிணற்று மேட்டில், பொழுது விழும் நேரம். "கண்ணு, நான் பொய் சொல்லுவனா? என்னையப் பாத்து உக்காந்திருந்துச்சு. ஒண்ணும் செய்யல. பாவமா இருந்துச்சு" என்றார். பத்து வருடமாக அவர் கையில் சாப்பிடுகிறேன். பொய் சொல்லத் தெரியாதவர்.

குரூப்பில் மறுப்பு எழுதினேன். படித்ததாக எல்லோர் பெயரும் காட்டுகிறது. ஒருவரும் பதில் போடவில்லை.

மெர்சி


பீளமேடு
8.11.2025

மெர்சி,

இன்னொரு படம் வந்திருக்கிறது. நீ செய்யச் சொன்னாயா? யாரையாவது வைத்துச் செய்தாயா? உண்மையைச் சொல்.

பாதி கட்டின வீட்டின் சுவர்மேல் அது உட்கார்ந்திருக்கிறது. தலை மஞ்சளாக இருக்கிறது. கண் இடது பக்கம் திரும்பியிருக்கிறது. அது லாஸ்யாவின் கண்தான், எனக்குத் தெரியாதா. ஆனால் நான் எடுத்து வைத்த கண் நேராகப் பார்க்கிற கண். அவள் இடது பக்கம் பார்க்கிற போட்டோ என்னிடம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் உட்கார்ந்து தேடிவிட்டேன். கிஷனிடம் காட்டினேன். "இப்பல்லாம் போன்லயே செய்யறாங்க ஹாரி, ஒரு படம் குடுத்தா அதுவே நூறு படம் போட்டுத் தருது. நீ போய்த் தூங்கு" என்றார். அவர் சொல்வது சரிதான். கம்ப்யூட்டர் வேலை தெரிந்தவள், எனக்கும் தெரியும். ஆனாலும் அது இடது பக்கம் எதைப் பார்க்கிறது என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

லாஸ்யாவிடம் ஏதோ குறைந்துவிட்ட மாதிரி இருக்கிறது. முன்பெல்லாம் நான் அறைக்குள் வந்தால் முகத்தைப் பார்ப்பாள். இப்போது பார்ப்பதற்கு முன்னால் ஒரு நொடி ஆகிறது. எங்கிருந்தோ திரும்பி வருகிறவள் மாதிரி. காது சோதனைக்குப் பயந்து நானாகக் கற்பனை செய்கிறேனோ என்னவோ. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, அது பழசு. தரையில் கால் வைத்து நடந்தால் அதிர்வு தெரிந்து திரும்புவாள். இன்று நான் மெத்தையில் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

அத்தையிடம் கோயிலைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். "என்னம்மா பேசற, சொல்லி அனுப்பியாச்சு, தாய்மாமனுக்குச் சீர் சொல்லியாச்சு. மொட்டை தள்ளிப்போச்சுன்னா புள்ளைக்குத்தான் ஆகாது" என்றார். என் தம்பி ரவிதேஜா மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை அடிக்க வேண்டும். அவன் சென்னையிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டான்.

காரணத்தை நான் அத்தையிடம் சொல்லவில்லை. பேத்தியின் கண்ணை எடுத்துப் பேயாகச் செய்தேன் என்று எப்படிச் சொல்வேன்?

ஹாரிகா


மொட்டைக்கரடு
14.11.2025

ஹாரிகா,

இரண்டாவது படம் நான் செய்ததல்ல. நான் யாரையும் செய்யச் சொல்லவும் இல்லை. அந்த வீடும் எங்கள் ஊரில் இல்லை.

பிள்ளைகளிடம் அதையே கொடுத்தேன். பயந்துகொண்டு இருப்பதற்குப் பதில் பார்க்கட்டும் என்று. என்ன பார்க்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதினேன்: நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கண்ணில் தெரிகிற வெளிச்சம் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கிறதா, ஓரம் வெட்டி ஒட்டியது போல இருக்கிறதா, விரல் எத்தனை. தமிழ்ச்செல்வன்தான் முதலில் கையைத் தூக்கினான். "சுவத்துக்கு நெழல் இருக்குதுங்க, அதுக்கு இல்லைங்க." வகுப்பே கை தட்டியது. எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது, உனக்கு எழுத நினைத்தேன்.

அதற்குள் இது நடந்தது. ஊரில் ஆண்கள் தடி எடுத்துக்கொண்டு காட்டோரம் சுற்றுகிறார்கள். தோட்டத்துக்காரர் மாசாணம்தான் முன்னால் போவது. நல்ல மனிதர், பள்ளிக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தவர். புதன்கிழமை புளியமரத்தில் ஒன்றை அடித்துவிட்டார்கள். தேவாங்கு. கைக்குழந்தை அளவுகூட இல்லை. பள்ளி வாசலில் கொண்டுவந்து போட்டு, "டீச்சர், இதுதானுங்களா பாத்துச் சொல்லுங்க" என்று மரியாதையாகக் கேட்டார்கள். இது இல்லை, இது தேவாங்கு, இதை அடித்தால் ஜெயில் என்றேன். "அப்ப அது இன்னும் வெளியத்தான் இருக்குது" என்று மாசாணம் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

பிள்ளைகளோடு அதைப் புதைத்தோம். இஃப்ரா குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இது உண்மையான மிருகம்ங்க டீச்சர். இதப் பத்துப் பேருக்கு யாரும் அனுப்ப மாட்டாங்க" என்றாள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். அந்தப் படம் பொய் என்று காட்ட ஒரே வழி, கண் எங்கிருந்து வந்தது என்று காட்டுவது. நீ அனுப்பிய லாஸ்யாவின் போட்டோ என் போனில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். நீ சரி என்றால் மட்டும். இல்லாவிட்டால் இங்கே வராதே. அவள் தலையை மழித்துச் சந்தனம் பூசி இந்த மனிதர்கள் நடுவில் கொண்டுவராதே. யார் காலில் விழுந்தாவது நிறுத்து.

இன்று குழந்தைகள் தினம். மிட்டாய் கொடுத்தோம்.

மெர்சி


பீளமேடு
18.11.2025

மெர்சி,

தடியோடு சுற்றுகிறவர்களுக்கு என் பிள்ளையின் போட்டோவைக் காட்டப் போகிறாய். இதோ, நீங்கள் தேடுகிற கண், பீளமேட்டில் இருக்கிறது என்று. எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? உன் பிள்ளைகள் பயமில்லாமல் இருக்க என் பிள்ளையைக் காட்ட வேண்டுமா? உனக்குப் பிள்ளை இருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டாய்.

அந்தக் கடைசி வரியை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். உனக்குத் தெரியட்டும் நான் எந்த நிலையில் இருக்கிறேன் என்று.

என்னிடம் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். கம்ப்யூட்டரில் இருந்தது, போனில் இருந்தது, அந்தப் போட்டோ, செய்யும்போது சேமித்த பாதிப் படங்கள். உன்னிடம் இருப்பதையும் அழி. அழித்ததாக எழுது.

கோயில் நிற்கவில்லை. அத்தையிடம் கடைசியில் சொல்லிவிட்டேன். அழுவார், திட்டுவார் என்று நினைத்தேன். போனை எடுத்து அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "அதுதான் அன்னைக்கு எனக்குப் பாக்க முடியல போல" என்று சொன்னார். பிறகு, "நம்ம சாமிகிட்டத்தானே போறோம். அங்க வெச்சு யார் என்ன செஞ்சுபோடுவாங்க" என்றார். கிஷனுக்கு இதெல்லாம் காதில் ஏறவே இல்லை. மகளுக்குச் சின்னக் கருப்புக் கண்ணாடி வாங்கி வந்தார். போட்ட மறுநிமிஷம் பிடுங்கி எறிந்துவிட்டாள்.

காது சோதனை முடிந்தது. இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதில் கொஞ்சம் இருக்கிறது, மெஷின் வைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். இதைச் சொல்ல எனக்கு உன்னைவிட்டால் ஆள் இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

கோயில் முப்பதாம் தேதி, ஞாயிறு. நீ வா.

ஹாரிகா


மொட்டைக்கரடு
22.11.2025

ஹாரிகா,

அழித்துவிட்டேன். இனி அந்தப் படம் பொய் என்று காட்ட உலகத்தில் ஒன்றும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் அழித்தேன்.

ஞாயிறு வருகிறேன். பிள்ளைகளையும் கூட்டி வருகிறேன். கோயிலில் சாப்பாடு உண்டு என்று சொன்னால் போதும், வந்துவிடுவார்கள். பெரியவர்கள் அடிக்கக் கை ஓங்குவதற்கு முன் நடுவில் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் நிற்பது நல்லது. வேறு யோசனை எனக்கு வரவில்லை.

நீ எழுதியதற்கு நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. நேரில் பார்க்கலாம்.

மெர்சி


பீளமேடு
3.12.2025

மெர்சி,

நீயும் அங்கேதான் நின்றாய். ஆனாலும் எழுதுகிறேன், நீ பார்த்ததும் நான் பார்த்ததும் ஒன்றா என்று தெரிய வேண்டும். கூட்டத்தில் நாம் பேசிக்கொள்ளவே இல்லையே.

கத்தி வைத்தபோது லாஸ்யா அழவில்லை. எல்லாப் பிள்ளைகளும் வீறிட்டுக்கொண்டிருந்தார்கள், இவள் ரவிதேஜா மடியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அதையே நான்கு பேர் கவனித்தார்கள். அத்தை தலை முழுக்கச் சந்தனம் பூசினார். மஞ்சள் தலையோடு அவள் இடது பக்கம் திரும்பினாள், மெர்சி. அப்படியே. அந்தச் சுவர் படத்தில் இருந்தது போலவே. அங்கே என்ன இருக்கிறது என்று நானும் பார்த்தேன். ஒன்றுமில்லை, வேலியும் வெயிலும்தான்.

தேங்காய்த் தட்டோடு வந்த ஒரு அம்மா நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். சத்தம் ஒவ்வொரு பக்கமாக அடங்கியது. மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதி அவளுக்கு மட்டும் தெரியவில்லை. அவளுக்கு எப்போதும் அப்படித்தானே.

மாசாணம் என்று நீ எழுதிய ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். தடி கையில் இருந்தது. சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் புள்ள ஏதுங்க?" என்று கேட்டார். என் மகளுங்க என்றார் கிஷன். "அப்படிங்களா. செரி. கொஞ்சம் கீழ எறக்கி உடுங்க. நடக்குதான்னு பாத்துக்கறோமுங்க." கிஷன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். ரவி அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். யாரும் ஓடிவரவில்லை, கல் எடுக்கவில்லை. ஒவ்வொரு அடியாகக் கிட்டே வந்தார்கள், இடித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.

அப்போதுதான் உன் இஃப்ரா கால்களுக்கு நடுவில் நுழைந்து வந்தாள். "டீச்சர், நாங்க பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். நான் தலையாட்டினேனா? எனக்கு நினைவில்லை. ஆட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் ரவி அவளை இறக்கிவிட்டான்.

வகுப்பு மாதிரியே வரிசையாக வந்தார்கள். "நெழல் இருக்குதுங்க." "விரல் அஞ்சுங்க, இந்தக் கையிலயும் அஞ்சுங்க." தமிழ்ச்செல்வன் குனிந்து அவள் முகத்துக்குக் கிட்டே வந்து, "வெளிச்சம் ரெண்டு கண்ணுலயும் ஒரே எடத்துல இருக்குதுங்க" என்றான். இஃப்ரா உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் லாஸ்யாவின் கண்ணைச் சுற்றி மெல்லத் தடவினாள். ஒரு கண், பிறகு மற்றது. லாஸ்யா அசையாமல் காட்டிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை அவ்வளவு நேரம் கண்ணுக்குக் கண் பார்த்ததில்லை. நான்கூட இல்லை.

"ஓரம் இல்லைங்க. ஒட்டுனது இல்ல. உண்மைதானுங்க" என்றாள் இஃப்ரா.

எனக்கு அழுகை வந்தது. தப்பித்தோம் என்று. மாசாணம் தடியைக் கீழே வைத்தார். அதையும் பார்த்தேன். அப்புறம் செருப்பைக் கழற்றினார். கையைக் கூப்பினார். "உண்மையாமா" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். "உண்மையாமா, உண்மையாமா" என்று அது வேலி வரைக்கும் போனது. உன் ராமாத்தாள் வந்து லாஸ்யாவின் காலைத் தொட்டு, "நான் அன்னைக்கே சொன்னனே கண்ணு, நீ ஒண்ணும் செய்யலன்னு" என்றார். அவளிடம் சொன்னார், என்னிடம் இல்லை.

பிறகு அவளைக் கும்பிட வரிசை கட்டி நின்றார்கள். அத்தை லாஸ்யாவை மடியில் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததில்லை. கிஷன் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். எத்தனை போன் படம் எடுத்தது என்று நான் எண்ணவில்லை.

அடி விழவில்லை. கீறல்கூட இல்லை. அதற்காகத்தானே பயந்தேன். பிறகு ஏன் ராத்திரி எழுந்து எழுந்து கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்கிறேன்?

ஹாரிகா


மொட்டைக்கரடு
9.12.2025

ஹாரிகா,

நான் பார்த்ததும் அதுதான். மேளம் நின்றதை மட்டும் நான் கவனிக்கவில்லை.

புதிய செய்தி வந்திருக்கும், நீ போனைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். உன் முதல் படம், பக்கத்தில் கோயிலில் எடுத்த லாஸ்யா. பக்கத்தில் பக்கத்தில், நான் வைத்துக் காட்டுகிறேன் என்றேனே, அப்படியே. கீழே, "பள்ளி மாணவர்களால் சோதித்துச் சரிபார்க்கப்பட்டது. உண்மை." எங்கள் பள்ளியின் பெயரும் இருக்கிறது. தலைமையாசிரியருக்கு வாழ்த்து சொல்லிப் போன் வருகிறது.

இஃப்ரா இரண்டு நாள் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். "நான் பாப்பாவத்தாங்க உண்மைன்னு சொன்னேன். அவங்க படத்த உண்மைன்னு எடுத்துக்கிட்டாங்க. நான் தப்பாச் சொல்லிப்போட்டனுங்களா?" என்று அழுதாள். நீ சொன்னது சரிதான் என்றேன். சரியாகச் சொன்னால் ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். தடியோடு யாரும் சுற்றுவதில்லை. கதவுகள் திறந்திருக்கின்றன. நேற்று ஒரு தேவாங்கு ரோட்டைக் கடந்ததாம், மாசாணம் வண்டியை நிறுத்தி, அது போகும் வரை கை கூப்பி நின்றாராம். எல்லாம் பொய் என்று நான் இப்போது போய்ச் சொன்னால் மறுபடி தடியை எடுப்பார்கள். சொல்லாவிட்டால் உன் பிள்ளை சாமி. காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். நீ சொல், எதைச் செய்யட்டும்? இந்த முறை உன்னைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டேன்.

மெர்சி


பீளமேடு
16.12.2025

மெர்சி,

ஒன்றும் செய்யாதே. இஃப்ராவிடம் மட்டும் நான் கும்பிட்டதாகச் சொல். அன்று அவள் வந்திருக்காவிட்டால் என்ற இடத்துக்கு மேல் எனக்கு யோசனை ஓடுவதில்லை.

வீடு தேடி வருகிறார்கள். கருமத்தம்பட்டியிலிருந்து, சத்தியிலிருந்து, எங்கிருந்தோ. கேட்டுக்கு வெளியில் நின்று பார்க்கிறார்கள். எதுவும் கேட்பதில்லை. அத்தை தண்ணீர் கொடுக்கிறார். குடித்துவிட்டு, "வாரோமுங்க" என்று போய்விடுகிறார்கள். போலீசில் சொல்லலாம் என்றார் கிஷன். என்ன சொல்வது? பார்க்கிறார்கள் என்றா? பிப்ரவரியில் வேறு வீட்டுக்குப் போகிறோம். எந்த ஏரியா என்று உனக்குக்கூட இப்போது எழுதவில்லை, தப்பாக நினைக்காதே. கடிதத்தை இந்த முகவரிக்கே போடு, நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். அவள் கொஞ்சம் வளரட்டும். முடி வளரட்டும். யாருக்கும் தெரியாத ஒரு தெருவில் ஒரு சாதாரணப் பிள்ளையாக விழுந்து எழுந்து விளையாடட்டும். அதற்கு மேல் எனக்கு ஒரு வேண்டுதலும் இல்லை.

மெஷின் வைத்துவிட்டார்கள். வலது காதில். முதல் முறை ஆன் செய்தபோது நான் பெயரைச் சொன்னேன். எல்லோரும் சொல்வார்களே, பிள்ளை சிரிக்கும், அம்மா அழுவாள் என்று. அவள் என்னை உற்றுப் பார்த்தாள், அவ்வளவுதான். இந்தச் சத்தம் என்னிடமிருந்துதான் வருகிறதா என்று சந்தேகம் போல.

இன்று சாயங்காலம் அத்தை போனை மறந்து சோபாவில் வைத்திருந்தார். அந்தப் படம் திறந்திருந்தது. நான் செய்தது, முதலாவது. லாஸ்யா எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிடுங்கப் போனேன், ஆனால் அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். கண்ணாடியில் தன்னைக் காட்டினால்கூடக் கவனிக்காத பிள்ளை, அந்தப் படத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு அந்த விரலைத் தன் நெஞ்சில் வைத்தாள். படத்தில், நெஞ்சில். சிரித்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்து, அது நீ இல்லை கண்ணு என்று சொன்னேன். வலது காதுக்குக் கிட்டே போய்ச் சொன்னேன். கேட்டது, தெரிந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள். போனைக் கீழே வைத்துவிட்டு மடியில் ஏறினாள். என் முகத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கை விரலால் என் கண்ணைச் சுற்றி மெல்லத் தடவினாள். ஓரம் தேடுகிறவள் மாதிரி, நிதானமாக, ஒரு கண் முடித்து மற்றக் கண்.

நான் அசையாமல் காட்டிக்கொண்டிருந்தேன். என்ன முடிவுக்கு வந்தாள் என்று தெரியவில்லை. இறங்கி ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

ஹாரிகா